வடம் பிடிப்போரும் கட்டை வைப்போரும்

பலர் கூடிச் செய்யும் தொண்டு எதுவாயினும் அதன்கண் இருவகை அச்சம் உண்டு. ஆள் வாராது போய்விடுமோ என்பது ஒன்று; வந்தவர் பணியைக் கெடுத்துவிடுவரோ என்பது மற்றொன்று. கோயிற் றிருப்பணி, வாசிகசாலை, சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம் ஆகிய எல்லாவற்றிலும் இவ்விரு அச்சங்களும் மாறிமாறித் தலையெடுத்தலை யாவரும் அறிவர். கூலி கொடுத்து ஆள் வைப்போன் தகுதியற்றவனை விலக்கிவிடலாம். தகுதியுள்ளவனைப் பணங் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். தொண்டாகச் செய்யும் பணியில் இவ்விரண்டும் எளியன அல்ல. அங்கே அன்பே கூலி. ஆதலின் ஆள் சேர்த்தலும் தரங் காத்தலும் ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றுகின்றன.

இவ்வினாவை யாம் ஈண்டு ஆராயப் புகுவது கட்டற்ற மென்பொருள் என்னும் துறையை முன்வைத்தே. தமிழாசிரியருக்கும் கணினி மென்பொருளுக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். எம் கல்லூரியிற் பயின்று வெளியேறும் மாணவருட் பலர் இற்றைநாளில் அத்துறையிற் புகுகின்றனர். அவர் புகும் உலகின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவர்க்குக் கற்பித்தார்க்குக் கடனாகும். அன்றியும், அத்துறையின் பெரும் இடர்ப்பாடு நிரல் எழுதுமிடத்தைக் காட்டிலும் எழுதியதைத் திருத்துமிடத்திலேயே கிடக்கின்றது. திருத்துதல் எமது அன்றாடத் தொழில். நிரலிற் காணப்படும் பிழைக்கு அத்துறைத் தமிழர் இட்ட பெயர் ‘வழு’ என்பது. அஃது இலக்கண நூலார் ஆண்ட சொல். வழுவும் வழுக்களைதலும் பேசப்படும் இடத்தில் இலக்கணம் கற்பிப்போர் ஒரு சொற் கூறுதல் மிகையாகாது.

துறையறியாதார் பொருட்டு முதலிற் சில விளக்கங்கள். கணினியை இயக்கும் கட்டளைத் தொடரை நிரல் என்பர். வணிக நிறுவனங்கள் பல தம் நிரலின் மூலத்தைப் பிறர் காணாவண்ணம் பூட்டி வைத்தன. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றிச்சட் ஸ்ரோல்மன் என்பார், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயக்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிய லினக்ஸ் என்னும் கருனியை வெளியிட்டுப் பிறர் கருத்தை வேண்டினார். கருனியாவது இயக்குதளத்தின் உள்ளீடு. இன்று ஆண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் யாவும் லினக்ஸ் கருனியின் மேலேயே இயங்குகின்றன. உலகின் வேகமிக்க 500 கணினிகளின் பட்டியல் 2017 நவெம்பரில் வெளிவந்தபோது அந்த 500உம் லினக்ஸையே கொண்டிருந்தன.

லினக்ஸ் கருனியிற் பணிசெய்வோருட் பெரும்பாலார் இன்று நிறுவனங்களில் ஊதியம் பெறுவோர் என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் அக்கருனியைச் சூழ்ந்து நிற்கும் சிறு மென்பொருள்கள் எண்ணிலடங்கா. கோப்பைச் சுருக்குவது ஒன்று, மறைமொழியாக்குவது ஒன்று, தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது ஒன்று என இவை விரியும். இவற்றுட் பலவற்றை ஒருவரோ இருவரோ தம் ஓய்வுநேரத்திற் பேணிவருகின்றனர். வங்கியும் வைத்தியசாலையும் அரச அலுவலகமும் தம்மை அறியாமலே அவ்வொருவர் இருவரின் உழைப்பின்மேல் நிற்கின்றன. எனவே இங்குத் தரம் என்பது அழகு பற்றிய பேச்சன்று. பலரின் பாதுகாப்புப் பற்றிய பேச்சாகும்.

தேர்த்திருவிழாவை நினைவுகூர்வோமாக. வடம் பிடிக்க வருவோரை எவரும் தடுப்பதில்லை. உள்ளூராரும் அயலூராரும், பழகியவரும் அன்றே முதன்முறை வந்தவரும் ஒருங்கே கைவைப்பர். ஆயினும் சில்லுக்குக் கட்டை வைத்துத் தேரைத் திருப்புவோர் மிகச் சிலரே. அவர் பல்லாண்டு பழகியவர். ஒரு கணம் கண்ணயர்ந்தாற் பெருங்கேடு விளையும் என்பதை உணர்ந்தவர். வடத்தில் ஆயிரவர் கூடினமையாற் கட்டை வைப்போர் தொகை தானே பெருகிவிடாது. அவர் சுமையே பெருகும். மென்பொருட் செயற்றிட்டங்களின் நிலையும் இதுவே. நிரல் எழுதி அனுப்புவோர் வடம் பிடிப்போர். அதனைப் படித்துச் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ செய்யும் பராமரிப்பாளர் கட்டை வைப்போர்.

வாயிலை இறுக்கினால் விளைவது யாது? மென்பொருளுக்கு அணித்தான ஒரு சான்று கலைக்களஞ்சியத் துறையில் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்ஸ் என்பார் நியூபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். துறை வல்லார் எழுதும் கட்டுரை ஒவ்வொன்றும் ஏழு படிகளிற் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. முதலாண்டில் அப்படிகளைக் கடந்து தேறியவை ஏறத்தாழ 20 கட்டுரைகளே. 2001 சனவரியில் அதன் துணையாகத் தொடங்கிய விக்கிப்பீடியா, எவரும் எழுதலாம் எவரும் திருத்தலாம் என வாயிலைத் திறந்துவிட்டது. முதல் மாதத்திலேயே அத்தொகையைப் பன்மடங்கு கடந்தது. நியூபீடியா 2003இல் மறைந்தது. அதன் விதிகள் தீயன அல்ல. அவ்விதிகளின் வழியே நடந்து செல்ல ஆள் இல்லை. புதியவர் வாராத சங்கம் முதியவரோடு முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, வாயிலை வரம்பின்றித் திறந்தால் விளைவதையும் காண்போம். டிஜிற்றல் ஓஷன் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் ஒக்ரோபர் மாதத்தில் ஓர் இயக்கம் நடத்திவந்தது. கட்டற்ற மென்பொருள்களுக்குக் குறித்த தொகைத் திருத்தங்களை அனுப்புவோர்க்கு ஒரு ரீ சேட் பரிசு. நோக்கம் நன்று, புதியவரை ஊக்குவித்தலே அது. 2020இல் நான்கு திருத்தங்கள் அனுப்பினாற் போதும் என்றிருந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் பிறந்ததும் பயனற்ற திருத்தங்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. முகவுரையில் ‘அருமையான செயற்றிட்டம்’ என ஒரு தொடரைச் சேர்த்தும், இருந்த சொல்லைக் காரணமின்றி மாற்றியும் பலர் அனுப்பினர். ஒவ்வொன்றையும் திறந்து படித்து மறுப்பதிலேயே பராமரிப்பாளர் பொழுது கழிந்தது. மாதத் தொடக்கத்திலேயே நிறுவனம் விதியை மாற்றி, தாமே விரும்பி இசையும் செயற்றிட்டங்களுக்கு மட்டும் அவ்வியக்கத்தை வரையறுத்தது.

ரீ சேட்டுக்காக எழுதியவர் கையாலேனும் எழுதினர். இப்பொழுது செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் ஒரு நிமிடத்தில் நீண்ட அறிக்கையை எழுதித் தருகின்றன. கர்ல் என்னும் மென்பொருளை 1998 முதற் பேணிவரும் சுவீடன் நாட்டினர் டானியல் ஸ்ரென்பேர்க், இல்லாத வழுக்களை உள்ளனபோல விரித்துரைக்கும் பொறியறிக்கைகள் தம் குழுவினரின் காலத்தை விழுங்குகின்றன என 2024 தொடக்கத்திலேயே வெளிப்படையாக எழுதினார். பழங்காலத்திற் பிழையான கட்டுரை பார்வையிலேயே பிழையெனத் தோன்றும். இப்பொறிக் கட்டுரைகளோ நடை செவ்வையாகவும் பொருள் பொய்யாகவும் அமைகின்றன. எழுதுவோனுக்கு ஒரு நிமிடம். திருத்துவோனுக்கு ஒரு மணி. இவ்வேற்றத்தாழ்வு முன்னொருபோதும் இத்துணைப் பெரிதாக இருந்ததில்லை.

நல்லெண்ணத்தோடு வரும் பங்களிப்பினாலும் தீங்கு வரலாம். ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்பது இணையத்திற் செல்லும் செய்தியை மறைமொழியாக்கிக் காக்கும் மென்பொருள். அதற்கு ஓர் ஆய்வு மாணவர் அனுப்பிய புதுக்கூறொன்று, குழுவினர் ஒருவரின் பரிசீலனைக்குப் பின் 2011 திசெம்பர் இறுதியிற் சேர்க்கப்பட்டு, 2012 மார்ச்சில் வெளிவந்தது. வந்த செய்தி தான் கூறும் நீளத்தை உண்மையில் உடையதா எனச் சரிபார்க்கும் ஒரு சிறு சோதனை அதில் விடுபட்டுப்போயிற்று. எழுதியவர் கண்ணுக்கும் அது தப்பியது. பரிசீலித்தவர் கண்ணுக்கும் தப்பியது. 2014 ஏப்பிரிலில் ஹாட்பிளீட் என்னும் பெயரால் அவ்வழு வெளிப்பட்டபோது ஏறத்தாழ 5 இலட்சம் இணையத் தளங்கள் இடருக்குள்ளாயிருந்தன எனக் கணித்தனர். அம்மாணவரைப் பழித்தவர் பலர். உலகமே நம்பியிருந்த அம்மென்பொருளை மிகச் சிலரே குறைந்த பொருள்வசதியோடு பேணிவந்தனர் என்பது அப்போதுதான் பலர்க்குத் தெரிந்தது. பெரு நிறுவனங்கள் அதன்பின்னரே பொருளுதவி செய்ய முன்வந்தன.

தீய எண்ணத்தோடு வந்தவர் கதை இன்னும் கொடிது. எக்ஸ்-ஸெட் என்னும் கோப்புச் சுருக்கும் மென்பொருளை ஒருவரே நெடுங்காலம் கூலியின்றிப் பேணிவந்தார். 2021 அளவில் ஜியா ரான் என்னும் பெயரில் ஒருவர் புதியவராக வந்து பயனுள்ள திருத்தங்களை அனுப்பினார். 2022இல் வேறு சில முகமறியாப் பெயரினர், பணி தாமதமாகின்றது, வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள் என அம்முதியவரை இடைவிடாது நெருக்கினர். சோர்ந்திருந்த அவர் புதியவரைத் துணைப் பராமரிப்பாளர் ஆக்கினார். 2024இன் தொடக்கத்தில் வெளிவந்த இரு பதிப்புகளில், கணினிக்குட் பிறர் புகத்தக்க கள்ளவாயில் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்திரேஸ் புறொயின்ட் என்னும் நிரலாளர், தம் கணினியிற் புகுகை அரை வினாடி தாமதிப்பதைக் கண்டு, காரணந் தேடி, 2024 மார்ச் 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். அரை வினாடியைப் பொருட்படுத்திய ஒருவரால் உலகம் தப்பியது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், புதியவரை நம்பியதே பிழை எனக் கூறுவார் உளர். யாம் அதற்கு உடன்படோம். அம்முதியவர்க்குத் துணையாக உண்மையான தொண்டர் நால்வர் முன்னரே வந்திருப்பரேல், அவர் சோர்ந்திரார், நெருக்குதலுக்கும் ஆட்பட்டிரார், புதியவர் எழுதியதை வேறு கண்களும் கண்டிருக்கும். கள்ளவாயிலைத் திறந்தது அம்முதியவரின் தனிமையே என்க. திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாது நம்புதலையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் அவர் ஒருங்கே கடிந்தார். ஆராய்தற்கு நாளும் வேண்டும், ஆளும் வேண்டும்.

எனவே இத்துறையில் அரியது எழுதுவோன் கை அன்று; திருத்துவோன் காலமே. நாற்பது மாணவரின் கட்டுரைக் கொப்பிகளை முன்வைத்திருக்கும் ஆசிரியர் இதனை நன்கு அறிவர். ஒருவன் மனம் வைத்து எழுதிய கட்டுரையில் இருபது பிழையிருப்பினும் திருத்துதல் இன்பந் தரும். மனம் வையாது கிறுக்கிய ஒரு பக்கம் உயிரை வாங்கும். நாற்பதும் நானூறு ஆயின், ஆசிரியர் இரண்டிலொன்று செய்வர்; கண்ணை மூடிக்கொண்டு சரியிடுவர், அன்றேல் கொப்பியைத் திரும்பிப் பாராது விடுவர். முன்னதாற் கல்வி கெடும். பின்னதால் மாணவன் மனம் கெடும். மென்பொருட் செயற்றிட்டங்களிற் காணும் கேடுகள் யாவும் இவ்விரண்டனுள் அடங்கும்.

இதற்குத் தீர்வு யாது? வாயில் ஒன்றாயிருத்தல் கூடாது. படிகள் பலவாயிருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. டெபியன் என்பது 1993இல் ஐயன் மேர்டொக் தொடங்கிய இயக்குதளம். உலகெங்கும் உள்ள தொண்டராற் பேணப்படுவது. சேர வருவோர் தொகை தாங்கொணாது போகவே 1999இல் அது புதியவரைச் சேர்த்தலை நிறுத்தி வைத்தது. பின்னர் 2000இல் ஒழுங்கான முறையொன்றோடு வாயிலைத் திறந்தது. உள்ளிருக்கும் ஒருவர் புதியவர்க்காகப் பரிந்துரைத்தல், அவர் இன்னாரென உறுதிப்படுத்தல், கொள்கையிலும் நடைமுறையிலும் வினாவிடை, செய்துகாட்டும் திறன் என அது படிப்படியாக அமைந்தது. அப்படிகளும் நெடியன எனக் கண்டு, 2007இல் வாக்கெடுத்து, குறித்த சில பொதிகளை மட்டும் தாமே வெளியிடும் உரிமையுடைய இடைநிலை ஒன்றை ஏற்படுத்திற்று. 2010இல், மொழிபெயர்ப்பும் ஆவணமும் போன்ற பிற பணி செய்வோரும் முழு உறுப்பினராகலாம் என ஏற்றுக்கொண்டது. வாயிலை இறுக்கியும் நெகிழ்த்தியும் அனுபவத்தாற் கற்ற ஒரு சபையின் வரலாறு இது.

லினக்ஸ் கருனியார் வேறொரு வழி கண்டனர். 2008இல் கிறெக் குரோ-ஹாட்மன் என்பார் கருனியினுள்ளே ஒரு புறப்பகுதியை ஒதுக்கினார். தரம் இன்னும் நிரம்பாத நிரல்களை அங்கே இடலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் செய்யவேண்டிய திருத்தங்கள் எழுதி வைக்கப்படும். புதியவர் அவற்றிற் கைவைத்துப் பழகலாம். தேறிய நிரல் உள்ளே செல்லும், தேறாதது நீக்கப்படும். கமக்காரர் நெல்லை நாற்றுமேடையில் இட்டு வளர்த்துப் பின் வயலில் நடுதல் போன்றது இது. நாற்றுமேடையில் ஒரு பிடி நாற்றுப் பழுதானால் வயல் பழுதாகாது. கற்போன் தவறு செய்வதற்கு ஓரிடம் வேண்டும். அத்தவறு பிறரைத் தாக்காத இடமாக அஃது இருத்தல் வேண்டும்.

பொறியாற் செய்யத்தகும் சோதனையைப் பொறியிடமே விடுதலும் வேண்டும். எழுத்தமைதியும் இடைவெளியும் சரியா, முன்பு இயங்கியவை இப்பொழுதும் இயங்குகின்றனவா என்பவற்றைத் தானியங்கிச் சோதனைகள் சில நிமிடங்களிற் கூறிவிடும். அவை கூறும் குற்றத்தாற் புதியவர் மனம் நோவதுமில்லை. மனிதன் செய்யவேண்டிய பரிசீலனை அதற்கப்பாற்பட்டது. இம்மாற்றம் வேண்டியதா, எதிர்காலத்துக்கு ஏற்றதா, இதனைப் பேணுவார் யார் என்னும் வினாக்களுக்குப் பொறி விடை கூறாது.

கண்டிப்பு வேறு, கடுஞ்சொல் வேறு. லினஸ் ரோர்வால்ட்ஸ் பிறர் நிரலைக் கடிந்துரைத்தலிற் பேர்போனவர். அவர் கண்டிப்பே கருனியின் தரத்தைக் காத்தது என்பாரும் உளர். ஆயின் 2018 செப்ரெம்பரில் அவர் தாமே தம் கடுமொழிகளுக்கு வருத்தந் தெரிவித்துச் சிலகாலம் ஒதுங்கியிருந்தார். கருனிச் சமூகமும் ஒரு நடத்தைக் கோவையை ஏற்றுக்கொண்டது. மீண்டு வந்தபின் கருனியின் தரம் தாழ்ந்துவிட்டதாக யாம் அறியோம். செயலைக் கண்டித்துச் செய்தவனைக் காத்தல் ஆசிரியத் தொழிலின் அரிச்சுவடி. ‘இது பிழை’ என்பதோடு ‘இதனால் பிழை’ என்பதையும் சேர்த்துச் சொல்லப்பட்ட மாணவன் மறுமுறை திருத்தமாக எழுதுவான். காரணங் கூறாது மறுக்கப்பட்டவன் மறுமுறை வாரான்.

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர்க்கு இலக்கணம் கூறியதோடு அமையாது மாணாக்கர்க்கும் கூறினார். ஆகவே புகுவோர் கடனையும் யாம் கூறாதிருத்தல் நேர்மையன்று. புகுமுன் அச்செயற்றிட்டத்தின் விதிகளைப் படித்தல் வேண்டும். ஒருமுறையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். அனுப்புமுன் தானே சோதித்தல் வேண்டும். பொறி எழுதித் தந்ததைத் தான் விளங்கிக்கொள்ளாது பிறர் தலையிற் சுமத்துதல் ஆகாது. எல்லாவற்றினும் மேலாக, திருத்தம் ஏற்கப்பட்டபின்னும் தங்கியிருத்தல் வேண்டும். இன்று திருத்தப்பட்டவன் நாளை பிறன் ஒருவன் எழுதியதைப் படித்துத் திருத்த முன்வருவானாயின், அவனுக்குச் செலவிட்ட காலம் வட்டியோடு திரும்பும். முன்வாரானாயின் அது கடனாகவே நிற்கும்.

செயற்றிட்டத்து மூத்தோர்க்கும் ஒரு வார்த்தை. நிரல் எழுதியவன் பெயர் எங்கும் பொறிக்கப்படுகின்றது. இரவிருந்து படித்துத் திருத்தியவன் பெயர் பெரும்பாலும் மறைந்து போகின்றது. கற்பித்தலும் திருத்தலும் பணியாக எண்ணப்பட்டுப் பாராட்டப்பட்டாலன்றி அவற்றுக்கு ஆள் வாரா. அம்மென்பொருளாற் பெரும்பொருள் ஈட்டும் நிறுவனங்களோ, புதியவர்க்குப் பரிசளிக்குமுன் திருத்துவோர்க்குப் படியளித்தல் அறமாகும்.

இத்துறைக்கும் ஈழநாட்டுக்கும் உள்ள உறவு சிறிதன்று. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எம் கரைகளை அழித்தபோது, இலங்கை நிரலாளர் பலர் ஊதியங் கருதாது கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதியும் சகனா என்னும் மென்பொருளைச் சில நாள்களில் ஆக்கினர். பின்னர் அதனை உலகினர் யாவர்க்கும் ஏற்பப் பொதுமைப்படுத்தினர். 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. அவசரத்தில் வடம் பிடித்தவர் பலர். அவருட் சிலர் தங்கிக் கட்டை வைத்தமையாலேயே தேர் நிலைக்கு வந்தது. கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில், முதற் பத்தாண்டில் உலகிலேயே மிகுதியான மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகம் எம் நாட்டு மொறட்டுவை. அத்திட்டம் புதியவர் ஒவ்வொருவர்க்கும் வழிகாட்டி ஒருவரை வைப்பது குறிக்கத்தக்கது.

இப்பெருமையை வைத்துக்கொண்டு எம் இளைஞர் யாது செய்யப்போகின்றனர் என்பதே வினா. வேலை விண்ணப்பத்திற் காட்டுதற்கு எத்தனை திருத்தம் அனுப்பினோம் என எண்ணுவோர் பெருகி வருகின்றனர். பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிக்கையையே கேட்டால் அவர் எண்ணிக்கையையே தேடுவர். எத்தனை செயற்றிட்டத்திற் கைவைத்தாய் எனக் கேளாது, எதிலே மூன்றாண்டு நிலைத்து நின்றாய், யாருக்குக் கற்றுக்கொடுத்தாய் எனக் கேட்கப் பழகுவோமாக. துறையிற் பழுத்த பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது கற்கும் மாணவர் இருவரை அழைத்து, தாம் ஒருவர் எழுதியதைத் திருத்தும்போது பக்கத்தில் இருத்திக் காட்டுவாராயின், அது பொற்கிழியினும் பெரிய கொடையாகும்.

வடம் பிடிக்க வருவோரை வரவேற்போம், எவரையும் தள்ளாதிருப்போம். அவருட் பொறுமையும் விழிப்பும் உடையவரை இனங்கண்டு, கட்டை வைக்கும் கையாகப் பழக்குவோம். அதற்கு வேண்டிய நாளைக் கொடுக்க மனமில்லாத சபை, வாயிலைத் திறந்தாலும் கெடும், அடைத்தாலும் கெடும்.